கிணற்றின் வளைவும் என் சித்தி மகளும்

செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயில் ஒரு முழத் துண்டு. அதை வளைத்துப் பிடித்து உள்ளே ஒரு பென்சிலை விட்டாள் என் சித்தி மகள். பென்சில் வளைவில் முட்டி நின்றது. பிறகு அதை வெளியே எடுத்து இரண்டாக ஒடித்து, நடுவே மடங்கும்படி நூலால் கட்டி மறுபடி விட்டாள். வழுக்கிக்கொண்டு மறுமுனையில் வந்து விழுந்தது. மலேசியாவில், சிரம்பானில் இருக்கும் எங்கள் அலுவலக மேனேஜர் கைதட்டினார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

எண்ணெய்க் கிணறு நேராக இறங்காது, பாதியில் வளையும். அதற்குள் விடும் நீளமான இரும்புக் கருவி வளைவில் சிக்காமல் போகுமா என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் எங்கள் வேலை. சிக்கினால் கிணறே அடைபடும். அந்த வேலையில் நான்தான் மூத்தவள். சிரம்பானை ஒட்டிய பாரோயில் என் வீட்டிலேயே தங்கவைத்து அவளை அலுவலகத்தில் சேர்த்துவிட்டதும் நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன், வேறென்ன!

அந்தத் தடவை இறக்க வேண்டிய கருவி வளைவில் போகாது என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். நாங்கள் இருவரும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். குலை வெட்டும் நீளக் கம்பை அப்பா எங்கள் லயத்து வரிசை வீட்டு மூலையில் திருப்பும்போதெல்லாம் அது சுவரில் இடிக்கும். அதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். கருவி முழுவதையும் ஒரே கம்பாக வைத்துத்தான் கணக்குப் போட்டேன். அதன் நடுவில் மடங்கும் மூட்டு ஒன்று இருந்ததை அவள் பார்த்துவிட்டாள். “ரெண்டு துண்டா போட்டுப் பாருங்கக்கா, போவும்லா,” என்றாள். அதோடு விட்டாளா? எல்லார் முன்னாலும் குழாயையும் பென்சிலையும் கொண்டுவந்து காட்டினாள். மேனேஜர் அவள் கணக்கையே எடுத்துக்கொண்டார். கருவி நல்லபடியாக இறங்கினால் காலியாக இருந்த தலைமைப் பதவி அவளுக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. எத்தனையோ வருடமாக நான் காத்துக்கிடந்த பதவி.

ஞாயிறு ஆராதனையில் போதகர் ஜெப விண்ணப்பங்களைக் கேட்டார். முழங்கால் வலி, மகனுக்குப் பரீட்சை என்று ஒவ்வொருவராகச் சொல்ல, இவளும் எழுந்தாள். “நாளைக்கு எங்க கருவி கெணத்துல எறங்குது. சிக்காம போவணும்னு ஜெபிச்சுக்குங்க. எங்கக்கா பேரும் இதுல இருக்கு.” போகாது என்று எழுதிக் கொடுத்த என் பேரா! சபை முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு அந்த இரும்புக்காக மன்றாடியது. பக்கத்தில் இருந்த சித்தி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் ஆமென் சொன்னபோது நான் மட்டும் வாய் திறக்கவில்லை.

கருவி இறங்கிவிட்டது. என் ஆமென் யாருக்கு வேண்டியிருந்தது?

அந்தப் பதவியோடு அவள் இப்போது கிழக்குக் கரையில் திரெங்கானுவில் என் மேலதிகாரி. நான் அதே சிரம்பானில், அதே நாற்காலியில். என் கணக்கெல்லாம் அவள் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் கிணற்றுக்குப் போகும். பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், அது எங்கே போகும்? நேற்றுகூட வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள்: “அக்கா, கணக்கு சரியா இருக்கு. எறக்கிறலாம்.” மேலதிகாரி என்று ஒரு தடவையாவது என்னை அதட்டியிருந்தால், வீட்டுக்கு வந்து நன்றாகத் திட்டியாவது மனசை ஆற்றியிருப்பேன். இந்த ‘அக்கா’வை நான் என்ன செய்ய?