ஓரின் திரும்ப எழுதிய நிரல்

செய்தி வந்தபோது காலை மணி பத்தே முக்கால். டுலூத் நகரத் தண்ணீர் அலுவலகத்தில் வெர்னா லோக்கன் பழைய கணினி ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அழைத்தது சோல்வெய், ஓரினின் தங்கை.

"வெர்னா, ஓரின் போயிட்டான். வாசல்ல பனி அள்ளிக்கிட்டு இருந்தவன் அப்படியே சாஞ்சுட்டான். உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு தோணுச்சு."

ஓரின் ட்வெய்ட் பெமிட்ஜி என்ற ஊரில் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்த்தவன். வீட்டுக்கு வந்தால் லூன்தான். சர்வரில் இருக்கும் மின்னஞ்சல்களும் வீட்டுக் கணினியில் இருக்கும் பிரதிகளும் ஒன்றுபோல இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் நிரல் அது. அங்கே அழித்தால் இங்கேயும் அழியும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். உலகம் முழுக்க எடுத்துக்கொண்டார்கள். திருத்த வந்து நிலைத்தவள் வெர்னா ஒருத்திதான்.

ஒருநாள் ஒஹாயோவிலிருந்து ஒரு வயதானவர் எழுதினார். ஏதோ கோளாறில் அவருடைய சர்வர் 'பெட்டி காலி' என்று சொல்லியிருக்கிறது. லூன் அதை நம்பி, வீட்டிலிருந்ததையும் துடைத்துவிட்டது. போனவை இறந்த மனைவியின் கடிதங்கள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஓரின் அன்று தூங்கியிருப்பான். மறுநாளே லூனை முதல் வரியிலிருந்து திரும்ப எழுத உட்கார்ந்துவிட்டான்.

"பழசுதான் ஓடுதே, எதுக்கு நோண்டுறீங்க?" என்று கேலி செய்தவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஊழியர்கள் எல்லோருக்கும் லூனையே வைத்திருந்த ஒரு பெரிய கம்பெனி. அங்கிருந்து பிரென்ட் என்பவன் வாராவாரம் கேட்பான், எப்போது முடியும் என்று.

"உதவிக்கு ஒரு ஆளை அனுப்பச் சொல்லேன்," என்பாள் வெர்னா ஓரினிடம்.

"அனுப்பினா? ஒரு மாசத்துல நீ அவனை அழ வச்சுத் திருப்பி அனுப்பிடுவ. என்னையே என்ன பாடு படுத்துற."

"நீ எழுதுற லட்சணம் அப்படி."

அவர்களுக்குள் அது வழக்கம். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க வேண்டும். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வாங்க வேண்டும். அதன் பிறகே அது நிரலில் சேரும். அவசரம் என்று ஒருநாளும் மீறியதில்லை.

மூன்று வருடத்தில் புதிய லூன் ஏறக்குறைய முடிந்தது. மிச்சம், எதற்காகத் தொடங்கினானோ அந்த ஒன்று: சர்வர் 'காலி' என்றால் துடைக்காமல் நின்று உரியவரைக் கேட்பது. அதையும் எழுதி வெர்னா படிப்பதற்கு அனுப்பியிருந்தான். அதற்குள் பனி விழுந்தது.

அடக்கம் முடிந்ததும் லூனின் இணையப் பக்கத்தில் வெர்னா அறிவிப்பு எழுதினாள். முதல் பதில் உடனே வந்தது. "வருந்துகிறோம். புதிய பதிப்பு தள்ளிப்போகுமா?"

புதிய பதிப்பு ஓரினின் ரகசிய மின்னணுச் சாவியால் முத்திரையிடப்பட வேண்டும். இல்லாவிட்டால் எந்தக் கணினியும் அதை லூன் என்று ஏற்காது. அதன் கடவுச்சொல் அவன் தலைக்குள் மட்டுமே இருந்தது.

பிரென்ட் காத்திருக்கவில்லை. அதுவரை சேர்ந்திருந்ததை அள்ளி, வேறு பெயர் சூட்டி, கம்பெனி முத்திரையோடு வெளியிட்டான். வெர்னா அவனை அழைத்தாள்.

"பிரென்ட், காலிப் பெட்டிக்கான காவல் அதுல இல்ல. பழைய தப்பு அப்படியே இருக்கு."

"தெரியும் வெர்னா. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம். இப்போ வேகமா ஓடுது, எல்லாருக்கும் சந்தோஷம்."

"அவன் இவ்வளவு நாள் உக்காந்தது அந்த ஒண்ணுக்காகத்தான்."

"நன்றி சொல்ற பக்கத்துல அவர் பேரைப் போட்டிருக்கோமே."

வசந்தம் வருவதற்குள் கடிதங்களை இழந்தவர்கள் எழுதத் தொடங்கினார்கள். கம்பெனிக்கு அல்ல, வெர்னாவுக்கு. "நீங்கதானே ஓரினோட ஆளு?" என்று ஒருத்தி அலுவலகத்துக்கே அழைத்துக் கத்தினாள். வெர்னா முழுவதும் கேட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்டாள்.

ஓரின் கடைசியாக எழுதிய பகுதி இன்னும் நிரலில் சேரவில்லை. 'ஒருவர் உண்மையிலேயே எல்லாவற்றையும் அழித்திருந்தால் லூன் என்ன செய்யும்?' என்று அவன் இறப்பதற்கு முந்தைய மாலை வெர்னா அதன் கீழே கேட்டிருந்தாள். அதற்குப் பதில் எழுதப்படவில்லை.