சொட்டக்காவும் வெங்காயச் சாறும்

வேதியியல் ஆய்வகத்தில் பதினெட்டு வருடமாகக் குடுவை கழுவுகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் சொட்டக்கா. அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுகிற இடத்தில் நிறுத்த வேண்டும். நான் விடும்போது பின்னால் வந்து நிற்பார். "ஒரு சொட்டு ஓவர் தம்பி" என்பார். அப்புறம்தான் நிறம் அடர்ந்தது எனக்குத் தெரியும்.

எங்கள் வகுப்பில் பார்வையில்லாத மாணவி ஒருத்தி சேர்ந்தாள். துறைத்தலைவர் சுற்றி வளைக்கவில்லை.

"அடுத்தவங்க பார்த்துச் சொன்னா அது உன் மார்க் இல்லம்மா. சரியான அளவுலேர்ந்து நாலு சொட்டுக்கு மேல விலகினா ஃபெயில். எல்லாருக்கும் அதே விதிதான்."

"விதி இருக்கட்டும் சார். நிறத்துக்குப் பதிலா எனக்கு வேற ஏதாவது வேணும்."

செய்முறைத் தேர்வில் தேறாவிட்டால் அவள் வேறு பாடத்துக்கு மாற வேண்டும்.

வெங்காயம் நறுக்கிய கையோடு காரக் குடுவை கழுவினால் வாடை போய்விடுவதைச் சொட்டக்கா எப்போதோ கவனித்திருந்தார். வெங்காயச் சாற்றை அமிலத்தில் கலந்து பார்த்தார். காரம் மிஞ்சிய நொடியில் வாடை மறைந்தது. காரம் விடும் ஊசிக்குழலின் (சிரிஞ்சின்) தண்டில் மில்லிக்கு ஒரு வெட்டு, விரலுக்குத் தட்டும்படி, பிளேடால். மிச்சம் சொட்டுக் கணக்கு. ஒரு மாதம் அக்காவும் அவளும் முகர்ந்து பழகினார்கள்.

"எங்க வீட்டுக்காரர் பக்கத்துலயே வரமாட்டேங்கிறார்" என்று சிரித்தார் அக்கா.

தேர்வு நாளில் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, தரையை எதால துடைச்சீங்க?"

பினாயில். தேர்வென்றால் துடைப்பது பழக்கதோஷம். அக்காவின் முகம் செத்துவிட்டது. "என் கையாலயே கெடுத்துட்டேனே."

"வராந்தாவுல செய்யலாமா சார்?" என்றாள் அவள்.

துறைத்தலைவர் யோசித்தார். "விதியில ரூமைப் பத்தி ஒண்ணும் இல்ல. ஆனா நேரம் நிக்காது."

அக்கா மேசையைத் தனியாளாகத் தூக்கிப்போய்ப் போட்டுவிட்டு, கையைக் கட்டித் தள்ளி நின்றார். கொஞ்ச நேரத்தில் துறைத்தலைவரும் அங்கே போய்க் குடுவையை முகர்ந்தார். உள்ளே கதவோரம் என் தேர்வுக்குச் சொட்டு விட்டுக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"வாசனையே இல்லையேம்மா."

"இருக்கு சார். நீங்க பினாயில்லேர்ந்து வர்றீங்க."

அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். அவள் இன்னும் இரண்டு சொட்டு விட்டு நிறுத்தினாள்.

அவள் விலகல் மூன்று சொட்டு. தேறிவிட்டாள்.

என் விலகல் ஐந்து. சொட்டக்கா அன்று வராந்தாவில் அல்லவா நின்றார்.