கொட்டகைச் சத்தத்தில் பழகிய ஸ்பானிஷ்

ஆண்டிமடத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகை வைத்திருக்கும் நல்லதம்பியின் மனைவி சிந்தாமணிக்கு ஸ்பானிஷ் பேசத் தெரியும் என்றால், உள்ளூரிலேயே பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். செல்போனிலேயே படித்தாள். கடல் தாண்டி இருப்பவர்களுக்குப் போனில் பதில் சொல்லும் வேலை ஒன்று கிடைக்கிற மாதிரி இருந்தது. பேச்சுத் தேர்வில் தேறினால் வீட்டிலிருந்தே வேலை. தேறாவிட்டால் சென்னை ஹாஸ்டலில் தங்கி ஒரு வருஷம் பயிற்சி. நல்லதம்பி எதற்கும் இருக்கட்டும் என்று ஜெயங்கொண்டத்தில் துணிமணி வைக்க ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தான். அவள் அதைக் கண்ணில் படாதபடி கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

சிக்கல் வினைச்சொற்களில்தான். ஸ்பானிஷில் சொல்லை அசை அசையாகப் பிரித்து, அதில் ஓர் அசையை மட்டும் அழுத்த வேண்டும். ‘பாடுகிறோம்’ என்பதற்கு ‘கன்தாமோஸ்’. அழுத்தம் நடுவில், ‘தா’வில். ‘நாம்’ என்பது கடைசி ‘மோஸ்’ஸில் ஒட்டிக்கொண்டிருக்கும். சிந்தாமணியோ எந்தச் சொல் வந்தாலும் முதல் அசையிலேயே ஏறி உட்கார்ந்துகொள்வாள். ஆன்லைனில் பாடம் நடத்திய ஹேமலதா டீச்சர், “உங்க ஊரு முந்திரிக்கொட்டை மாதிரியே முந்துறீங்களே!” என்று சிரிப்பார்.

வழி கொட்டகையில் கிடைத்தது. கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் லேசாக ஒரு தட்டு, ஓங்கி ஒரு போடு, பருப்பு கழன்று வர மறுபடி லேசாக ஒன்று. அங்கே வேலை செய்யும் குஞ்சம்மாளோடு உட்கார்ந்து உடைத்தபடியே கன்-தா-மோஸ், கன்-தா-மோஸ் என்று பழகினாள். நீளமான சொல் வந்தால் முன்னால் இன்னொரு லேசான தட்டு, அவ்வளவுதான். “என்னாடி இது, பேய் ஓட்டுற மந்திரமா?” என்பாள் குஞ்சம்மாள்.

தேர்வு அன்று நல்லதம்பி, பெண்டாட்டிக்கு இடைஞ்சல் கூடாதென்று கொட்டகை வேலையை நிறுத்திவிட்டான். தங்கமான மனுஷன், என்ன செய்வது! அறை நிசப்தமாக இருந்தது. சிந்தாமணியின் நாக்கு பழைய புத்திக்கே போய்விட்டது. போனில் தேர்வு வைத்த அம்மாள் மறுபடி மறுபடி திருப்பிச் சொல்லச் சொன்னார். கட்டிலுக்கடியில் பெட்டி தெரிந்தது. ஒரு நிமிடம் அனுமதி கேட்டுக்கொண்டு ஓடிப்போய்க் கொட்டகைப் பக்கத்து ஜன்னலைத் திறந்தாள்.

“என்னங்க, ஏன் நிறுத்தினீங்க? உடைக்கச் சொல்லுங்க!”

“சத்தமா இருக்குமேன்னுதான்...”

“அந்தச் சத்தந்தாங்க எனக்கு வேணும்!”

டொக், டொக் என்று கொட்டகை உயிர் பெற்றது. அது என்ன சத்தம் என்று ஸ்பானிஷில் கேட்டார் அந்த அம்மாள். வேலைக்காரர்கள் உடைக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். சிந்தாமணி யோசிக்கவே இல்லை.

“பார்த்திமோஸ் அனகார்தோஸ்.” முந்திரி உடைக்கிறோம். அழுத்தம் ‘தி’யில் கச்சிதமாக விழுந்தது. அந்த அம்மாள் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு எதையும் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை.

வேலை கிடைத்த செய்தி வந்ததும் குஞ்சம்மாள் கட்டையை உயர்த்திக் காட்டி, “நாங்க தட்டுன தட்டுலதான் பாஸானா!” என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். உண்மைதானே என்று சிந்தாமணிக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்லதம்பியைத் தேடினாள். அவன் அதற்குள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க ஜெயங்கொண்டம் பஸ் ஏறியிருந்தான்.