அண்ணி எடுத்துவிட்ட இதயப் பொத்தான்

என் அலமாரியில் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா இருக்கிறது. மூடியில் துளை போட்டு வயர்களை வெளியே இழுத்து, உள்ளே ஒரு சின்ன போர்டையும் பஸரையும் வைத்து டேப் ஒட்டியிருக்கும். தண்ணீர் ஏறினால் வயர் நுனியிலுள்ள மிதவை எழும்பும், பஸர் கத்தும். திட்டம் என்னுடையது. செய்தது என் அண்ணி.

அண்ணி கலும்பாங் என்ற ஊரில் பிறந்து, என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊரான பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வந்தவர். பகலில் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பார், மாலையில் சால்டரிங் புகைக்குள் உட்கார்ந்திருப்பார். எங்களைப்போல எலக்ட்ரானிக்ஸ் பைத்தியம் பிடித்தவர்கள் தாங்கள் செய்ததை வயர் இணைப்புப் படத்தோடு போட்டுக் காட்ட ஓர் இணையதளம் வைத்திருந்தோம். அதற்கு நிர்வாகி அண்ணிதான். "என் கொழுந்தனுக்கு வாயில மட்டும்தான் வோல்ட்டேஜ் ஜாஸ்தி" என்று அங்கேயே எல்லார் முன்னாலும் என்னை வாருவார்.

அந்த வெள்ள எச்சரிக்கைக் கருவியை நான் தளத்தில் போட்டதும் இதயங்கள் குவிந்தன. 'சூப்பர் பாஸ்', 'கலக்கிட்டீங்க லா' என்று ஒரே பாராட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணி மட்டும் என் படத்தைப் பார்த்து அதேபோல் ஒன்று செய்யத் தொடங்கினார். அவருக்கு அது பொழுதுபோக்கல்ல. கலும்பாங்கில் அவருடைய அம்மா தனியாக இருந்தார். முட்டி வலிக்காரர், எதையாவது பிடித்துக்கொள்ளாமல் நடக்க முடியாது. பெருமழை வந்தால் பின்னாலிருக்கும் ஓடை வீட்டுக்குள் வந்துவிடும். முன்கூட்டியே சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டார் வந்து தூக்கிவிடுவார்கள். சில நாள் கழித்து என் படத்துக்குக் கீழே அண்ணியின் குறிப்பு வந்தது: "செஞ்சேன். கத்தல."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே அண்ணி வீட்டுக்கே போய்விட்டேன். "என் மேசையில கத்துது அண்ணி!" என்றேன்.

"அப்ப உன் மேசைய எங்கம்மா வீட்டுல கொண்டுபோய் வை லா. மொதல்ல சாப்பிடு."

சாப்பிட்டுவிட்டு இருவரும் பிரித்துப் பார்த்தோம். என் மேசையில் போர்டும் பஸரும் ஒரே மடிக்கணினியிலிருந்து மின்சாரம் வாங்கின. அண்ணியுடையதில் ஆளுக்கொரு பேட்டரி. அப்படி இருந்தால் இரண்டின் கறுப்பு வயரையும் ஒன்றாகச் சேர்த்து முடிய வேண்டும். மடிக்கணினிக்குள் அவை தாமாகவே சேர்ந்திருந்ததால், என் படத்தில் அந்த வயரே இல்லை. இதயம் போட்டவர்களில் ஒருவராவது செய்து பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அண்ணி வயரை முடிந்தார், அதைக் குறிப்பிலும் சேர்த்தார். அந்த ஆண்டு மழைக்குக் கலும்பாங்கில் டப்பா கத்தியது. தண்ணீர் வாசற்படியைத் தொடுவதற்குள் அண்ணியின் அம்மா பக்கத்து வீட்டு மாடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அண்ணி தளத்திலிருந்து இதயப் பொத்தானையே எடுத்துவிட்டார். அந்த இடத்தில் 'நானும் செஞ்சேன்' என்று ஒரே பொத்தான். அழுத்தினால், எங்கே தகராறு வந்தது என்று எழுதியே ஆக வேண்டும். பெரிய ரகளை! பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். "போகட்டும் லா. கைதட்ட ஆள் வேணும்னா மேடையில போய்ப் பாடட்டும்" என்றார் அண்ணி.

அவர் புற்றுநோயில் தவறிப்போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. அவருடைய அம்மாவை அண்ணன் தன்னோடு அழைத்துக்கொண்டார், டப்பா என்னிடம் வந்தது. தளத்தையும் இப்போது நான்தான் பார்க்கிறேன். ஆள் வரத்து குறைந்துபோய்விட்டது. இதயத்தைத் திரும்பப் போட்டால் கூட்டம் வருமே என்று போன வாரம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் பழைய படத்துக்குக் கீழே கடலோர ஊரான பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார்: "நானும் செஞ்சேன். மொதல்ல கத்தல. கறுப்பு வயர முடியணும்னு கீழ ஒரு அக்கா எழுதியிருந்தாங்க, முடிஞ்சேன். நேத்து கடல் தண்ணி ஏறிச்சு. கத்திச்சு. படுக்கையில இருக்கிற அப்பாவ நேரத்தோட தூக்கிட்டோம்."

பழக்கதோஷம், இதயம் போட விரல் போனது. எங்கே இருக்கிறது போட? எனக்கு அழுகை வந்துவிட்டது. டப்பாவை எடுத்துப் புது பேட்டரி போட்டு, குளியலறை வாளியில் மிதவையை இறக்கினேன். வீடே அதிர்ந்தது.

"கத்துது அண்ணி" என்றேன்.