இட்டேரியில் போட்ட பனியன் துணி

எங்கள் ஊரிலிருந்து பெருமாநல்லூர் ரோட்டுக்குப் போக ஓர் இட்டேரி உண்டு. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஆள் நடக்கும் மண் வழி. தார் ரோட்டைச் சுற்றிப் போனால் மூன்று மடங்கு தூரம். வண்டி வைத்திருக்கும் எனக்கு அது பெரிய விஷயமில்லை. எங்கள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த வழிதான் எல்லாம். இடது கால் சூம்பியவள். ஊன்றுகோலோடு அதில் நடந்துதான் ரோட்டில் வந்து நிற்கும் கம்பெனி வேனைப் பிடிப்பாள். போன மழைக்கு வழி முழுக்கச் சேறாகிவிட, "இப்படியே இருந்தா வேலைய உட்டுற வேண்டியதுதாங்ண்ணா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வழியைச் சரிசெய்வது என்று பத்துப் பேர் கிளம்பினோம். தையல்காரர்கள், அயர்ன் போடுகிறவர்கள், ஒடிசாக்காரர்கள் இருவர், பக்கத்துத் தோட்டத்துக்காரர். நான் கட்டிங் மாஸ்டர். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் கொஞ்சம் உண்டு. கம்பெனியில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் பனியன் வேஸ்ட் துணியைப் பள்ளத்தில் அமுக்கி, மேலே கிராவல் போட்டால் மெத்தென்று இருக்கும் என்றேன். தோட்டத்துக்காரர் மட்டும், "துணி தண்ணி குடிக்குமுங்களே" என்று இழுத்தார். "நீங்க வெள்ளாமையப் பாருங்க" என்று அவர் வாயை அடைத்தேன்.

போட்டு முடித்த அன்று அழகாகத்தான் இருந்தது. மறுநாளே மழை பிடித்தது. பனியன் துணி ஈரத்தை உறிஞ்சும் என்பது, இருபது வருடமாக அதை வெட்டிக்கொண்டிருப்பவனுக்கு உறைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அவளுடைய கோல் முழங்கால் ஆழத்துக்கு இறங்க, குப்புற விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. அந்த வாரம் முழுக்க அவளுடைய மெஷின் சும்மா கிடந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்ததற்கு வேறு யாரையும் திட்ட வழியில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அடுத்த ஞாயிறு நாங்கள் துணியைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தபோது அவளே வந்தாள். ஆளுக்கொரு பள்ளத்தில் குனிந்திருந்த எங்களைப் பார்த்து, "ஏனுங்ண்ணா, ஒருத்தரே முழு பனியனும் தைச்சா எப்பங்க முடியும்? லைன் போடுங்க" என்றாள். தையல் லைனில் ஆளுக்கு ஒரு வேலைதான். நாங்களும் அதே மாதிரி வரிசை பிடித்தோம். ஒருவர் தோண்ட, அடுத்தவர் துணியை இழுத்துப் போட, பின்னால் வருகிறவர்கள் உடைகல்லும் கிராவலும் நிரப்ப, ஒடிசாக்காரர்கள் திமிசுக் கட்டையால் குத்தி இறுக்கினார்கள். காலையில் பத்தடி நகராத வேலை மத்தியானத்துக்குள் பாதி வழியைத் தாண்டியது. நான் வாயைப் பிளந்தேன்.

லைனில் கடைசி ஆள் அவள். செக்கிங். முடிந்த இடத்தில் கோலை ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் சாய்ப்பாள். விரல் அளவு இறங்கினாலும் "ஆல்டருங்ண்ணா" என்பாள். தைத்தது சரியில்லை என்றால் பிரித்துத் தைக்கச் சொல்லும் அதே சொல். மறுபேச்சில்லாமல் தோண்டினோம். விழுந்து ஐந்தே நாள். மறுபடி விழலாம் என்று தெரிந்தேதான் ஒவ்வொரு தடவையும் சாய்ந்தாள். என் மேதாவித்தனமெல்லாம் அந்தக் கோலின் முனையில் அடங்கிப்போனது. அப்படி ஒரு தைரியத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

வழி முழுக்க முடித்துக் கிளம்பிய அன்று மாலையே பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. திங்கட்கிழமை நான் வண்டியை எடுக்காமல், இட்டேரி ரோட்டில் சேரும் இடத்தில் போய் நின்றேன். வேன் வர ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் வருவது தெரிந்தது. அடுத்த அடியை எங்கே வைப்பது என்று எப்போதும் தரையை மட்டுமே பார்த்து நடப்பவள், அன்று தலை நிமிர்ந்து, வேலியில் தாவிய அணிலை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்ண்ணா, வண்டி ரிப்பேருங்களா?" என்றாள்.

"ஆமா அம்மணி" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.