சோதனைக் கார்டில் என் கையெழுத்து

மேனேஜர் இருந்தார். அவருடைய அறை. ஏ.சி.க்கு நேர் கீழே அவர் நாற்காலி.

அடுப்புக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவர் முன்னால் ஒரு அட்டைப்பெட்டி, பிரித்தபடி.

எங்கள் ஐ.டி.ஐ. வாத்தியார் இருந்தார். பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

சூப்பர்வைசர் இருந்தார். மும்பையில் மாட்டுங்காக்காரர். அந்தக் கம்பெனியில் எங்களைத் தவிர இருந்த ஒரே தமிழர்.

என் கூட்டுக்காரி இருந்தாள். சீத்தா கேம்ப் குடியிருப்புக்காரி. இரண்டு வருஷம் ஒரே வகுப்பு, ஆறு மாதம் ஒரே ஷெட்.

அப்புறம் நான். நாற்காலி ஐந்துதான் இருந்தது. நான் நின்றேன்.

மேஜை மேல் பிளாஸ்டிக் கவரில் இரண்டு சர்டிபிகேட். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. ஆறு மாதம் கம்பெனியில் வேலை பழகி முடித்தோம் என்று அதில் எழுதியிருக்கும். பெயர் அடித்தாகிவிட்டது. மேனேஜர் கையெழுத்து மட்டும் போட வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் ஐ.டி.ஐ.யில் கடைசிப் பரீட்சைக்கு உட்கார முடியாது. ஒரு வருஷம் போய்விடும். எங்கள் அம்மா எனக்குக் கொடுத்தது இரண்டே வருஷம். அதற்குள் வேலைக்குப் போகவில்லை என்றால் தாராவியில் அவளோடு உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைக்க வேண்டும். அப்படித்தான் பேச்சு. நானும் சரி என்று சொல்லியிருந்தேன்.

கம்பெனி செம்பூரில், ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடை. நான் சயானில் ஏறி குர்லாவில் மாறி வருவேன். அவள் பஸ்ஸில் வருவாள். கேட் பக்கத்தில் யார் முந்தி வந்தாலும் மற்றவளுக்காக நிற்பது வழக்கம். மதியம் டப்பாவை மாற்றிக்கொள்வோம். அவள் வீட்டு மீன்குழம்பு எனக்கு, என் தோசை அவளுக்கு.

அங்கே கேஸ் அடுப்புக்குப் பித்தளை வால்வு செய்தார்கள். எங்களை வாரத்துக்கு ஐந்து நாள் டெஸ்ட் பெஞ்சில் போட்டார்கள். வால்வை இறுக்கி, காற்றைத் திறந்து, தண்ணீர்த் தொட்டியில் முக்க வேண்டும். முப்பது எண்ண வேண்டும். குமிழி வராவிட்டால் நல்லது. வந்தால் சிவப்பு டிரேயில் போட வேண்டும். ஒரு லாட், அதாவது ஒரு பெட்டிச் சரக்கு, முடிந்ததும் ஒரு கார்டில் கையெழுத்து போட்டுப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். யார் டெஸ்ட் செய்தது என்று பின்னால் தெரிவதற்காக. இவ்வளவுதான் வேலை. கஷ்டம் ஒன்றும் இல்லை. கை மட்டும் எப்போதும் ஈரம்.

நான் தாராவியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏழு வரை படித்தவள். அப்புறம் இந்தியில் பத்து. கையெழுத்து மட்டும் தமிழிலேயே போட்டுப் பழக்கம். முதல் நாள் என் கார்டைப் பார்த்து சூப்பர்வைசர் சிரித்துவிட்டார்.

“இந்த ஷெட்ல தமிழ்ல கையெழுத்து இப்பத்தான் பாக்கறேன். விடாதம்மா. இப்படியே போடு” என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் கூட்டுக்காரி பக்கத்துத் தொட்டியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, இது கையெழுத்தா, முறுக்கு பிழியுதியா?”

அவள் இங்கிலீஷில் இரண்டு எழுத்துப் போட்டு ஒரு கோடு இழுப்பாள். யார் வேண்டுமானாலும் போடலாம். ஒரு நாள் போட்டது மாதிரி மறுநாள் இருக்காது.

அவள் எண்ணுவதும் அப்படித்தான். இந்தியில் ஏக் தோ தீன் என்று ஒரே மூச்சில் ஓடி முப்பதைத் தொட்டுவிடுவாள். நான் ஒவ்வொன்றாக எண்ணுவேன். சுவரில் கடிகாரம் இருந்தது. என் முப்பதும் அதன் முப்பதும் ஒன்றாக முடியும். அதனால் அவளுக்கு ஒரு நாளைக்கு நாலு லாட், ஐந்து லாட் முடியும். எனக்கு மூன்றுதான். சிவப்பு டிரேயில் என் பக்கம் அதிகம் கிடக்கும். மெஷின் ஆட்கள் என்னைப் பார்த்து, மேடம் தண்ணிக்குள் பூஜை பண்ணுகிறாள் என்பார்கள். சூப்பர்வைசர் அவர்களை அதட்டுவார். நம்ம பிள்ளை ஒழுங்காக வேலை பார்க்கிறது, உங்களுக்கு என்ன என்று இந்தியில் கேட்பார். பிறகு என்னிடம் தமிழில், கண்டுக்காதே என்பார்.

ஆறு மாதமும் அவர் என்னிடம் தமிழில்தான் பேசினார்.

எங்களுக்கு ஒரு டிரெயினிங் புக் உண்டு. எத்தனை லாட் டெஸ்ட் செய்தோம் என்று அதில் எழுத வேண்டும். ஆறு மாதத்தில் நானூறு வர வேண்டும். சூப்பர்வைசர் அதில் வாராவாரம் கையெழுத்து போடுவார். அவளுக்கு ஐந்தாவது மாதமே நானூறைத் தாண்டிவிட்டது. எனக்கு வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். வராது என்று தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம் மட்டும் சொன்னேன்.

கடைசி மாதம் ஐ.டி.ஐ.யில் நாலு நாள் பிராக்டிகல் வைத்தார்கள். இரண்டு பேரும் போக வேண்டும். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் சூப்பர்வைசர் கார்டுக் கட்டோடு வந்தார். எழுதாத கார்டு. லாட் நம்பர் இல்லை, தேதி இல்லை.

அவர் சொன்னது இதுதான். நாங்கள் இல்லாத நாலு நாளும் சரக்கு போயாக வேண்டும். பர்மனென்ட் ஆட்கள் டெஸ்ட் செய்துவிடுவார்கள். ஆனால் அவர்கள் கையெழுத்து போட்டால் எங்கள் புக்கில் ஏறாது. ஒரு பெஞ்சுக்கு நாளைக்கு மூன்று லாட், நாலு நாளைக்குப் பன்னிரண்டு. ஆளுக்குப் பன்னிரண்டு கார்டில் இப்போதே கையெழுத்து போட்டு வைத்தால் அவர் நம்பர் எழுதிக்கொள்வார்.

“சார், வெறும் கார்டுலயா?” என்றேன்.

“நான் இருக்கேன்லம்மா. நாமளே நமக்குப் பண்ணலைன்னா வேற யார் பண்ணுவா?”

வேறு யாராவது சொல்லியிருந்தால் போட்டிருக்க மாட்டேன். மராத்திக்காரர் சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன். வடக்கத்திக்காரர் சொல்லியிருந்தால் வாத்தியாருக்குப் போன் போட்டிருப்பேன். எங்கள் சாலில், அந்த ஒண்டுக்குடித்தன வரிசையில், எல்லாரும் அப்படித்தான். நம்மாள் என்றால் தாளைப் படிக்க மாட்டோம், கேஸ் கனெக்ஷனுக்கானாலும் சரி, ரேஷன் கார்டுக்கானாலும் சரி. கையை நீட்டுவோம்.

அவர் கட்டை வைத்துவிட்டுப் போனார். என் கூட்டுக்காரி ஏற்கெனவே துப்பட்டாவை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்கு பஸ்ஸு போயிரும் பிள்ள. கோயில்ல இன்னைக்குக் கொடியேத்தம். என் பன்னெண்டையும் நீயே போட்டுக்க. உனக்குத்தான புக்குல குறையுது.”

அவளுக்கு அது ஒரு உதவி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆசையும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அவள் போன பிறகு ஈரக் கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து போட்டேன். முழுப் பெயர், தமிழில். ஒவ்வொன்றாக. கடைசிக் கார்டைப் போட்டுவிட்டு மறுபடியும் எண்ணிப் பார்த்துக் கட்டி வைத்தேன். பிராக்டிகல் முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் என் புக்கில் எழுதினேன். அவர் கையெழுத்து போட்டார். நானூறுக்கு மேல் வந்துவிட்டது.

அந்த நாலு நாளும் டெஸ்ட் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. தொட்டியில் தண்ணீர்கூட நிரப்பவில்லை. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பெருக்குகிற அக்கா சொன்னாள்.

அடுப்புக் கம்பெனியில் வால்வு கசிந்தது. பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். உள்ளே கார்டு. கார்டில் தமிழ்.

பிறகு நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தத் தாள் கிடைக்கவில்லை. அவளுக்குக் கிடைத்தது. அந்தக் கம்பெனியிலேயே அவளை வைத்துக்கொண்டார்கள். நான் ஒரு வருஷம் பட்டன் தைத்தேன். அம்மா ஊசியை எடுத்துக் கொடுத்தாள். அடுத்த வருஷம் அவளாகவே போ என்றாள். கோபர்கைரனே பக்கம் வேறு கம்பெனியில் ஆறு மாதத்தை மறுபடியும் முடித்தேன். இப்போது அங்கேதான் வேலை. கார்டில் எண்ணி முடித்த பிறகுதான் கையெழுத்து. அதுவும் தமிழில்தான். அதை ஏன் நான் மாற்ற வேண்டும்.

அந்த அறைக்கு வருகிறேன்.

அடுப்புக் கம்பெனி ஆள் ஒரு வால்வை எடுத்துக் காட்டினார். மேனேஜர் கார்டை எடுத்து சூப்பர்வைசரிடம் நீட்டினார். அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“யே தேரா சைன் ஹை நா?” என்றார்.

இது உன் கையெழுத்துதானே. இந்தியில் கேட்டார். வால்வைப் பார்த்தபோதுகூட எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த இந்தியைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆமாம் என்றேன். ஆனால் கார்டில் இருக்கிற தேதியில் நாங்கள் பிராக்டிகலில் இருந்தோம், வாத்தியாரைக் கேளுங்கள் என்றேன். வாத்தியார் பையிலிருந்து ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்துத் தலையாட்டினார். அப்போது எனக்கு ஒரு நிமிஷம் நல்லபடியாக முடிந்துவிடும் என்று இருந்தது.

மேனேஜர் யோசித்தார். அப்படியென்றால் டெஸ்ட் செய்யாமல் வெறும் கார்டில் கையெழுத்து போட்டிருக்கிறாய் என்றார்.

நான் சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவர் என் டிரெயினிங் புக்கை எடுத்து மேஜை மேல் வைத்தார். தயாராகக் கொண்டுவந்திருந்தார். இந்தப் பெண்ணுக்கு லாட் குறைவாக இருந்தது, அதற்காக கார்டை எடுத்துத் தானே போட்டுக்கொண்டது, நான் புக்கை நம்பிக் கையெழுத்து போட்டேன், சின்னப் பிள்ளைகள் என்று நம்பியது என் தப்பு என்றார். நிதானமாகச் சொன்னார். அதில் பாதி உண்மை. 

சார்தான் கார்டு கொடுத்தார் என்று மட்டும் சொன்னேன்.

“இன்னொரு பெண் இருக்கிறதே, அதைக் கேளுங்கள்” என்றார் சூப்பர்வைசர், இந்தியில்.

மேனேஜர் அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் பிளாஸ்டிக் கவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தாள் மேலே இருந்தது, என்னுடையது கீழே.

“எனக்குத் தெரியாது சார். நான் அன்னைக்குச் சீக்கிரம் போயிட்டேன்” என்று இந்தியில் சொன்னாள்.

அது பொய் இல்லை. அவள் சீக்கிரம் போனது உண்மை. கொடியேற்றம் இருந்ததும் உண்மை. அவள் பாதியை யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு தாளும் போகும், என்னுடையது திரும்பி வராது. அது எனக்குத் தெரிந்தது. அதனால்தான் சொல்லவில்லையா என்று கேட்டால், அதுவும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவளே சொல்லட்டும் என்று நின்றேன். முப்பது எண்ணுகிற நேரம் நின்றிருப்பேன். அவள் தலை தூக்கவில்லை.

மேனேஜர் பேனாவைத் திறந்தார். வெறும் கார்டு எத்தனையில் போட்டாய் என்று கேட்டார்.

“கித்னா?” என்றார் மறுபடியும்.

இருபத்து நாலு.