உள்ளங்கையில் எழுதிய மணி

என் தங்கையார் மறைந்த மறுநாள் திண்டிவனத்துத் தெருக்களில் ஒட்டப்பெற்ற அறிவிப்பில், அவர் மாரடைப்பால் இயற்கை எய்தினார் என்று அச்சிடப்பட்டிருந்தது. அது பொய். அப்பொய்யை நீக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன். ஆண்டு நிறைவு நாளில் உங்கள் கைக்கு வரும் இந்நினைவுமலரில் புகழுரைகள் மட்டும் இருந்தால் போதும் என்று உறவினர் சிலர் வேண்டிக்கொண்டனர். ஆயினும், தலைக்காயத்தை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர் தலைக்காயத்தாலேயே மாண்டார் என்பதையும், அவர் பிழைத்திருக்கக்கூடும் என்பதையும் அவர் பிறந்த குடும்பம் எழுதிவைக்காவிடில் வேறு எவர் எழுதுவர்?

ஓமந்தூருக்கு அண்மையில் உள்ள சிற்றூர் ஒன்றில், நிலமற்ற குடும்பத்தின் கடைசி மகவாக அவர் பிறந்தார். தந்தையார் திண்டிவனத்து மண்டியில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை மூட்டை சுமந்தார். தாயார் அதே மண்டியில் மல்லாட்டை உடைத்துப் புடைத்தார். நான் தமிழாசிரியனாகப் பணியேற்றபின் தங்கையாரைத் திண்டிவனத்துக்கு அழைத்துவந்து படிக்கவைத்தேன். இதனைப் பல மேடைகளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவர் எனக்குக் கற்பிக்க முயன்றதை ஒரு மேடையிலும் சொன்னதில்லை.

விலங்கியலில் பட்டம் பெற்று, சென்னையில் முனைவரானார். அங்கேயே ஓர் ஆய்வகத்தில் பணியில் அமர்ந்தார். மண்டையில் விழும் அடி அந்நொடியோடு முடிவதில்லை என்பார். அடிபட்ட இடத்தைச் சூழ்ந்துள்ள உயிரணுக்கள் அதன்பின் பல மணி நேரம் சிறிது சிறிதாக மடிகின்றன. அந்த இடைவெளியில் அவற்றைக் காக்க முடியுமா என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. அதிலும் வளரிளம் பருவத்து மூளையையே அவர் தேர்ந்தார். பொறுமைக்கும் முன்யோசனைக்கும் உரிய முன்மூளை எல்லாவற்றிலும் கடைசியாக முதிர்கிறது. ஆகவே அப்பருவத்தில் விழும் அடியின் விளைவு, சில ஆண்டுகள் கழித்தே வெளிப்படுவதும் உண்டு. இளம் எலிகளை வைத்துத்தான் இவற்றை அவர் ஆராய்ந்தார்.

ஒரு பொங்கல் விடுமுறையில் வந்தபோது என்னிடம் கேட்டார்: "அண்ணா, நீ இன்னும் பசங்கள தலையில குட்டிக்கினுதான் இருக்கியா?"

"குட்டாம இலக்கணம் எப்படிம்மா ஏறும்?" என்றேன்.

"ஏறாது. இருக்கறதும் எறங்கிடும். அந்த வயசுல மூளை இன்னும் கட்டிக்கினு இருக்கிற வீடுண்ணா. சிமெண்டு காயறதுக்குள்ள சுவத்துல இடிக்கிற ஆளு நீ."

நான் நகைத்தேன். பணி ஓய்வு பெறும்வரை குட்டினேன்.

உறவினர் நடுவே அவருக்கு இருந்த பெயர் 'எலி டாக்டர்'. திருமணம் செய்துகொள்ளாதவர், ஊசி போடத் தெரியாதவர், எலியோடு வாழ்பவர் என்பதால் ஏளனத்துக்கு எளிதாக வாய்த்தார். அவ்வேளனத்தில் முன்னின்றவர் என் மைத்துனர். "என்னம்மா டாக்டரு, இன்னிக்கு எத்தினி எலிக்குத் தையல் போட்ட?" என்பார்.

"தையலெல்லாம் போடலீங்க. அடிபட்டு எத்தினி நேரத்துல சாவுதுன்னு மணி பாத்துக்கினு இருந்தேன். உங்களுக்கும் பாக்கட்டுமா?" என்பார் தங்கையார். கூடம் சிரிக்கும். நானும் சிரித்தவர்களுள் ஒருவன்.

மணி பார்ப்பது அவர்தம் தொழில்முறை. ஒவ்வோர் எலிக்கும் அடிபட்ட நேரத்தை உடனே இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார்; பிறகே குறிப்பேட்டில் ஏற்றுவார். குறிப்பேட்டைத் தேடும் நேரத்தில் நேரமே தவறிவிடும் என்பது அவர் கொள்கை. இல்லத்திலும் அப்படியே. தாயார் நோயுற்றுக் கிடந்த நாள்களில் மருந்து கொடுத்த மணியெல்லாம் அவர் உள்ளங்கையில் இருக்கும். "கொஞ்ச நேரம் முன்னாடிதான் குடுத்தேன்" என்று நான் சொன்னால் கடிந்துகொள்வார்: "கொஞ்ச நேரம்னு ஒரு நேரம் கெடையாதுண்ணா. மணி சொல்லு."

அவர் நெடுங்காலம் நம்பியிருந்த காப்பு மருந்து ஒன்று எலிகளில் நற்பயன் தந்தது, மனிதரிடம் தரவில்லை. அச்செய்தி அறிந்த ஞாயிற்றுக்கிழமை அவர் இங்கு இருந்தார். கேப்பைக் கூழை முன்னே வைத்துக்கொண்டு, அருந்தாமல், சொன்னார்: "எலிகிட்ட ஜெயிச்சது மனுஷங்ககிட்ட நிக்கலண்ணா. இப்போதைக்கு மருந்துன்னு ஒண்ணும் இல்ல. நேரம்தான் இருக்குது. அடிபட்டவங்கள ஜல்தியா கொண்டுபோய்ச் சேக்கணும். அவ்ளோதான்."

பணி நிறைவுக்குப்பின் திண்டிவனம் திரும்பி, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குச் சென்று அதனையே சொல்லிவந்தார். கபடியில் தலை மோதியவன் அன்றைக்கே மீண்டும் களமிறங்கலாகாது. அடிபட்டவர் எழுந்து நடப்பதைக் கண்டு ஆறுதல் கொள்ளலாகாது. கேட்டதையே திரும்பக் கேட்டாலும், வாந்தி எடுத்தாலும், அளவுக்கு மீறி உறங்கினாலும் ஒரு நிமிடமும் காத்திருக்கலாகாது. முன்பின் அறியாத பிள்ளைகள் அவற்றை ஏட்டில் எழுதிக்கொண்டனர். ஒவ்வொரு குடும்ப விழாவிலும் கேட்ட நாமோ, பாட்டு மாறாத வானொலி என்றோம்.

என் மகள்வயிற்றுப் பேத்திக்குக் காதணி விழா. திருவாமாத்தூரில் ஒரு மண்டபம், ஒரு புதன்கிழமை. விழுப்புரத்துப் பெருமருத்துவமனைகளுக்கு அங்கிருந்து கால்மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான வழி. காலைச் சிற்றுண்டி முடிந்து, கழுவிவிட்ட பந்திக்கூடத்தின் வாயிலில் தங்கையார் வழுக்கி விழுந்தார். பின்தலை கல்படியில் மோதிய ஓசையை நான் கேட்டேன். தூக்கி நாற்காலியில் அமர்த்தினோம். குருதி இல்லை. என் மகளிடம் பேனா கேட்டு வாங்கி, உள்ளங்கையில் எழுதினார். எழுதியதைக் கண்டேன், என்ன எழுதினார் என்று பார்க்கவில்லை.

"அண்ணா, இப்பவே போயிடலாம்" என்றார்.

போவதற்கு இருந்தது என் மகனின் ஊர்தி. அவனோ தாய்மாமன், அவன் மடியில் அமர்த்தித்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். "குத்தி முடியட்டும்மா, கொஞ்ச நேரம்தான்" என்று சொன்னவன் நானே. ஆம்புலன்சை அழைக்கலாமா என்று என் மகள் கேட்டாள். "மண்டபத்து வாசல்ல ஆம்புலன்சு வந்து நின்னா நல்லாவா இருக்கும்? நல்ல நாளும் அதுவுமா பேஜாரு பண்ணாதீங்க" என்றார் மைத்துனர். தங்கையார் என்னைப் பார்த்தார். வாழ்நாள் முழுதும் சொல்லிச் சொல்லிச் சலித்தவர் அன்று இரண்டாம் முறை கேட்கவில்லை. ஒன்றுமட்டும் சொன்னார்: "நான் கேட்டதையே திருப்பிக் கேட்டேன்னா நீ கெளம்பிடணும்ண்ணா."

பதினொன்றரைக்குக் காது குத்தினர். "பாப்பா அழுதாளா?" என்று கேட்டார். அழுதாள் என்றேன். சற்றுப் பொறுத்து, "பாப்பா அழுதாளா?" என்றார். மூன்றாம் முறையும் கேட்டார். பக்கத்திலிருந்த பெண்டிர், "அத்தைக்குப் பேத்தின்னா உசுரு" என்று சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எழுந்தேன். மணி பன்னிரண்டைத் தொட்டுவிட்டது.

"எங்க மாமா கெளம்பற? ராகு காலம் பொறந்துடுச்சி. ஒன்றரைக்கு மேல போலாம், உக்காரு" என்று மைத்துனர் என் தோளை அழுத்தினார்.

இராகு காலம் என்பது வெற்று நம்பிக்கை என்று மாணவர்க்கு முப்பத்தாறு ஆண்டுகள் கற்பித்தவன் நான். அன்று அமர்ந்தேன்.

தங்கையார் வாந்தி எடுத்தார். பித்தம் என்று கூறி எலுமிச்சைச் சாறு கொடுத்தனர். கண் செருகியது. அலுப்பு, உறங்கட்டும் என்று பாய் விரித்தனர். ஒரு மணிக்குக் கைகால் வெட்டி இழுத்தது. மண்டபத்தின் இரும்புச் சாவிக்கொத்தை எவரோ கொண்டுவர, அதனை அவர்தம் இடக்கையில் வைத்து, விரல்களை மடக்கி, இருவர் அழுத்திப் பிடித்தனர். அவ்விருவருள் ஒருவன் நான். வலிப்பு நின்றது; சாவிதான் நிறுத்தியது என்றனர். ஒன்றரைக்குப் புறப்பட்டோம்.

மருத்துவமனையில் பணியிலிருந்தவர் இளம்பெண் மருத்துவர். அவர் முதலில் கேட்டது: "எத்தனை மணிக்கு அடிபட்டுது?"

"இப்பதாம்மா, கொஞ்ச நேரம் முன்னாடி" என்றார் மைத்துனர். வேறொருவர் பதினொன்று என்றார். மடங்கிய விரல்களைப் பிரித்த மருத்துவர் உள்ளங்கையைச் சற்று நேரம் நோக்கினார்.

"இது யார் எழுதினது?"

"அவங்களேதாம்மா."

"அவங்க வேலைய அவங்க சரியா செஞ்சிருக்காங்க" என்றார்.

மண்டையைத் திறந்து, உறைந்த குருதியை அகற்றினர். தங்கையார் கண்விழிக்கவில்லை. மூன்றாம் நாள் முடிந்தார்.

அன்று மாலை அறிவிப்பு எழுதக் கூடினோம். "காதுகுத்துல விழுந்து போனாங்கன்னு போட்டா பச்சப்புள்ளைக்கு ஆகாது மாமா. ஹார்ட் அட்டாக்னு போட்டுக்கலாம்" என்றார் மைத்துனர். எழுதுகோல் என் கையில் இருந்தது. 'ஹார்ட் அட்டாக்' என்பதை நான் 'மாரடைப்பு' எனத் தூய தமிழாக்கி எழுதினேன். மெய்ப்புத் திருத்தியவனும் நானே. மண்டைக்குள் குருதி உறைந்ததால் நேர்ந்த இறப்பு என்னும் மருத்துவச் சான்று என் பெட்டிக்குள் கிடக்க, பிழையற்ற தமிழில் ஒரு பொய் தெருவெல்லாம் நின்றது. பேத்தியின் பெயரைக் காத்தோம் என்று சொல்லிக்கொண்டோம். அப்பிள்ளைக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்பதை அவள் வளர்ந்து படிக்குமாறு இங்கே எழுதிவைக்கிறேன்.

நன்றி கூறல் மரபு. இரவும் பகலும் உடனிருந்த அந்த இளம் மருத்துவர்க்கும், தங்கையாரின் தலைமுடியை மழித்தபின் அதனைத் துணியில் பொதிந்து என்னிடம் ஒப்படைத்த பணிப்பெண்ணுக்கும், இறுதி ஊர்வலத்தில் சீருடையோடு நடந்துவந்த பள்ளிப் பிள்ளைகளுக்கும் கடப்பாடுடையேன். திருவாமாத்தூர் மண்டபத்துக்கு வருகை தந்த உறவினர்க்கும் நன்றி. பந்தி குறைவின்றி நடந்தது. எவரும் பசியோடு திரும்பவில்லை.

தங்கையாரின் குறிப்பேடு இப்பொழுது என்னிடம் உள்ளது. அதன் கடைசிப் பக்கத்தில், அவர் முறையிலேயே, அன்றைய நிகழ்வுகளை மணி வாரியாக ஏற்றியுள்ளேன்: மும்முறை கேட்டது, வாந்தி, உறக்கம், வலிப்பு, புறப்பாடு. முதல் வரி மட்டும் நிரம்பவில்லை. அவர் உள்ளங்கையில் பத்து என்பது தெளிவாக இருந்தது. அதனை அடுத்த இரண்டு எண்கள் நாங்கள் அழுத்திய சாவிக்கொத்தின் துருவில் கலைந்துவிட்டன. பத்து பத்தா, பத்து நாற்பதா என மருத்துவராலும் படிக்க இயலவில்லை. நாம் வீணாக்கியது எவ்வளவு என்பதில் அரைமணி நேரம் இன்னும் ஐயத்தில் நிற்கிறது.

அன்று கைபேசியில் படம் எடுத்தோர் பலர். படங்களில் நேரம் பதிந்திருக்கும். தங்கையார் நாற்காலியில் அமர்ந்து உள்ளங்கையில் எழுதும் காட்சி எவர் படத்திலேனும், ஓரத்திலேனும், விழுந்திருந்தால் அன்புகூர்ந்து அனுப்புங்கள். இக்கட்டுரையில் வேறு பிழைகள் காணினும், என்மீது குறை காணினும், தயங்காது திருத்துங்கள், ஏற்றுக்கொள்வேன். கொஞ்ச நேரம் என்று மட்டும் எழுதி அனுப்ப வேண்டா. மணி சொல்லுங்கள்.